லைக் மட்டும் போடும் அமெரிக்கர்

மகள் ஓட்டப்பந்தயங்களில் ஓடும் வீடியோக்களை அவளுடைய இணையப் பக்கத்தில் ஏற்றுவது என் வேலை. ஓர் அமெரிக்கர் எல்லாவற்றுக்கும் லைக் போடுகிறார், ஒரு வார்த்தை எழுதுவதில்லை. எங்கள் ஆட்கள் என்றால் வாழ்த்தாவது எழுதுவார்கள்.

இன்று பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், ஒரு தேநீர்க்கடையில் நண்பர் சிவாவிடம் காட்டினேன்.

"அண்ணை, உந்த ஆள் சரியில்லை. உடனை புளொக் பண்ணுங்கோ."

பண்ணினேன். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன்.

மகள் பிரெஞ்சில் ஒரு மூச்சு திட்டிவிட்டுத் தமிழுக்கு வந்தாள்.

"அப்பா, அவர் நான் சேர ஆசைப்படுற அமெரிக்க யூனிவர்சிட்டியின்ர ஓட்டக் கோச்! நான் சேரும்வரைக்கும் அவர் பகிரங்கமா கொமென்ட் எழுதக்கூடாது. லைக் போடலாம், அதுதான் அங்கத்தைய யூனிவர்சிட்டி விளையாட்டுச் சட்டம்."

உடனே தடையை எடுத்தேன். மாலையில் ஏற்றிய வீடியோவுக்கு அவரை இன்னும் காணவில்லை.

நான் தடுத்தது அவருக்குத் தெரிந்திருக்குமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகளிடம் கேட்கிற நிலையில் நான் இல்லை.