நாவலுக்கு ஆமா போட்டவன்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதி என்ன ஆகப்போகிறது என்று இரண்டு தடவை காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. எழுத்து கோணலாகத்தான் வரும். கோணலாக வந்தாலும் சிரிப்பு வருகிற மாதிரி எழுதிவிடுவேன். இந்த விஷயத்தில் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

கோட்டாறு சந்தைக்குப் போகிற வழியில் சின்ன வயசிலிருந்தே என் கூட்டுக்காரனான ஒருவன் தையல்கடை வைத்திருந்தான். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. வீட்டில் அவனும் அவன் அக்காவும்தான். அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். அங்கேயே லேஸ் பின்னவும் கற்றுக்கொண்டாள். நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தம் தடுப்புக்கு அந்தப் பக்கம் எப்போதும் கேட்கும். சுவர்க்கடிகாரம் மாதிரி அது. காதில் விழும், யாரும் கவனிக்கமாட்டோம். அவள் புருஷன் கலியாணமான வருஷமே சிலோனுக்கு, தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போனான். கொஞ்ச காலம் தகவல் வந்தது. அப்புறம் வரவில்லை.

சாயங்காலமானால் நாங்கள் அந்தக் கடையில் கூடுவோம். ஹைஸ்கூலை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த ஒருவன் ஒரு நாள் தடியாக ஒரு நாவல் கொண்டுவந்தான். போன நூற்றாண்டில் எழுதியதாம், படித்த மனிதர்கள் எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களாம். தையல்காரனுக்குக் கை ஒழியாது என்பதால் கொண்டுவந்தவன் உரக்க வாசிப்பது, நாங்கள் கேட்பது என்று ஏற்பாடு.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வியாபாரி மகன் கப்பலேறிப் போகிறான். திரும்பி வரவில்லை. அவன் பெண்டாட்டி தினமும் அவனுக்கும் சேர்த்து உலை வைக்கிறாள். சோறு மிஞ்சினால் வழிப்போக்கனுக்குப் போடுகிறாள். ஊர் சிரிக்கிறது. அவள் உலை வைப்பதை நிறுத்துவதில்லை.

கொண்டுவந்தவனுக்கே அந்த நாவல் பிடிக்கவில்லை. "கதைய நடுவுல நிப்பாட்டிட்டு உபதேசம் பண்ண ஆரம்பிச்சிருதான். இதையா பெரிய நாவல்னு சொல்லுகானுவ?" என்று பக்கத்துக்குப் பக்கம் முனகுவான். பக்கத்தில் வாழைக்குலைக் கடை போட்டிருந்தவனுக்கோ எல்லாமே நடந்த சங்கதி. "அந்தப் பொம்பள எந்த ஊரு மக்கா? நெய்யூர் தாண்டிப் போணுமா?" என்று கேட்பான். கப்பல் புறப்பட்ட அத்தியாயம் வாசித்த மறுநாள், கப்பல் கவிழ்ந்திருக்குமோ என்று வியாபாரத்தில் மனசே போகவில்லை என்றான். தையல்காரன் தைத்துக்கொண்டேயிருப்பான். உலை வைக்கிற இடம் வந்தால் மட்டும் மிஷினை மிதிக்கிற காலை நிறுத்திவிட்டுக் கேட்பான்.

எனக்கு அலுப்பு. நான் கோயில் கொடை நாட்களில் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் தட்டப் போகிறவன். பாட்டை நடத்துகிற அண்ணாவி கதை சொன்னால் பக்கத்தில் இருக்கிற நாங்கள் வரிக்கு வரி 'ஆமா' போடவேண்டும். இடையிடையே குறுக்குக் கேள்வி கேட்டு ஜனங்களைச் சிரிக்கவைப்பதும் எங்கள் வேலைதான். ஆமா போடாமல் கதை கேட்டால் எனக்கு என்னவோ மாதிரி இருக்கும். கடையில் தண்ணீர் வைத்திருந்த மண்குடம் ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்தில் வேறு இருந்தது. கேட்கவேண்டுமா?

"அவன் கப்பலில் ஏறினான்" என்று வாசிப்பான்.

"ஆமா!" குடத்தில் ஒரு தட்டு.

"அவள் கரையில் நின்றாள்."

"நின்னா! கால் வலிக்காம நின்னாளா?"

வாழைக்குலைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். வாசிக்கிறவன் புத்தகத்தை மூடிவிட்டு, "ஏலே, இது மாடன் கோயில் கொடையாலே? வாய மூடிட்டுக் கேளுலே" என்பான். மறுபடி திறந்தால் மறுபடி ஆமா.

அன்றைக்கு அஞ்சுகிராமம் பக்கம் ஒரு கொடை முடிந்து வந்திருந்தேன். அங்கே நல்ல பேர் வாங்கின தெம்பு. நாவலில் அன்று மழை பெய்கிறது, விறகு நனைந்துவிட்டது, அப்படியும் அவள் அவனுக்குச் சேர்த்து அரிசி களைகிறாள்.

"அவர் பசியோடு வருவார் என்று எண்ணினாள்" என்று வாசித்தான்.

நான் குடத்தைத் தட்டி ராகமாகவே எடுத்துவிட்டேன். "வருவான் வருவான்! அங்க ஒருத்தி உலை வச்சி எறக்கி, இவன் உண்டு, பிள்ளைக்கும் ஊட்டியாச்சி! இவ இங்க ஊதிட்டே கிடக்கா!"

வாழைக்குலைக்காரன் சிரித்தான். வாசித்தவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டைச் சத்தம் நின்றது.

அது நின்ற பிறகுதான், அது எவ்வளவு பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைத்தது. பலகையை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறாள். வாசிக்கிற நேரமெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள் போல. வாழைக்குலைக்காரன் மட்டும் இன்னும் கொஞ்சம் தனியாகச் சிரித்துவிட்டு நிறுத்தினான்.

தையல்காரன் என்னைப் பார்க்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "கடை அடைக்கணும், எல்லாரும் போங்க" என்றான். வெளிச்சம் இன்னும் இருந்தது. வாசித்தவன் அவசரத்தில் நாவலைத் துணி வெட்டுகிற மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தான்.

நான் அவளை நினைத்துச் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அந்த வரி எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நடந்து வரும்போது யோசித்தேன். சந்தையில் கிடைத்தது. சிலோனில் அவனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது, பிள்ளை கூட உண்டு என்று அவள் புருஷனைப் பற்றி ஊரார் பேசிக்கொண்டதுதான் அது. காதில் கிடந்ததை எடுத்து நாவலுக்குப் போட்டுவிட்டேன். ஊரார் அவள் முதுகுக்குப் பின்னால் பேசினதை அவள் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய்க் குடம் தட்டிப் பாடினவன் நான். கொடையில் என்றால் எதிரே ஜனங்கள் இருப்பார்கள். யார் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று பார்த்து வாயை அடக்குவேன். பலகைக்குப் பின்னால் இருக்கிறவளை எப்படிப் பார்ப்பது? இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

அதற்கப்புறம் சந்தைக்குப் போகவேண்டுமானால் வயல் வரப்பு வழியாகச் சுற்றிப் போனேன். குழுவில் குடத்தைத் தொட்டால் கை கூசியது. ஆமா போடவேண்டிய இடங்களைத் தவறவிட்டேன். அண்ணாவி, "ஒனக்கு வாய் அடைஞ்சிட்டாடே?" என்று கேட்டார். அடைந்துதான் போயிருந்தது.

எனக்கு ஒன்றுதான் அரித்தது. அந்த நாவலில் புருஷன் வந்தானா, இல்லையா என்று அவள் கேட்காமலே போய்விட்டதே. என்னால் வாசிப்பே நின்றுபோயிற்று.

கடைசியில் கிழியாத சட்டை ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தையல்காரன் கிழிசலைத் திருப்பிப் பார்த்தான். புதுக் கிழிசல் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஊசியில் நூல் கோத்தான். மேசையில் நாவலைக் காணோம். உள்ளே கட்டைச் சத்தம் கேட்டது. முன்னைவிடத் தள்ளி, வீட்டின் கோடியில்.

"மக்கா," என்றேன். "மிச்சத்த நான் படிக்கேன். எழுத்துக்கூட்டியாவது படிச்சிருவேன். ஆமா போடமாட்டேன், குடத்தத் தொடமாட்டேன். அக்காக்குக் கேக்குற மாதிரி சத்தமா படிக்கேன். அவன் வந்தானா இல்லியான்னு அவளுக்குத் தெரியாண்டாமா?"

அவன் தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவ மறுநாளே படிச்சு முடிச்சாச்சிலே, ஒனக்கு முடிவு தெரியணும்னா உள்ள போயி அவகிட்டயே கேளு."