குத்துச்சண்டை நடந்த மாதம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது தளத்தில், சனிக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் மூன்று பேர் ஒரே குத்துச்சண்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம். லைட்வெயிட் உலகப் பட்டத்துக்கான பதினைந்து சுற்றுச் சண்டை. முடிவு மூவருக்கும் தெரியும். தெரிந்த முடிவை எதிர்த்து வாதாடுவதில் எங்கள் ஆட்களுக்கு நல்ல பயிற்சி உண்டு.

வீடு மாஸ்டருடையது. யாழ்ப்பாணத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர், இங்கே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நின்றார். நான் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு ஆண்டுகள் பிறர் எழுதிய திகதிகளைத் திருத்தியதே என் உத்தியோகம். மூன்றாமவர் எங்களைவிட இருபது வயது இளையவர், ஊரில் எங்கள் ஒழுங்கைக்காரர், நாலு வீடு தள்ளி. இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அவரை நான் தம்பி என்பேன். தம்பியின் மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் ஓர் அறையில் இருந்தார்கள். அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டால் அவர்களைக் கூப்பிடலாம். இல்லையென்றால் அவர்கள் அங்கேயே இருக்க, இவரும் அங்கே போய்ச் சேர வேண்டியதுதான்.

அந்தச் சண்டையை முதலில் ஊரில்தான் பார்த்தோம். மாஸ்டர் வீட்டு விறாந்தையில் வாடகைக்கு எடுத்த ரிவி, வீடியோ டெக், முற்றத்தில் உறுமிக்கொண்டிருந்த ஜெனரேற்றர். இருபது பேர் இருந்திருப்போம். நாட்டை விட்டு வரும்போது மாஸ்டர் காணி உறுதிப் பத்திரங்களோடு அந்த வீடியோ ரேப்பையும் கொண்டுவந்தார். லண்டனில் பதிந்த ரேப் இங்கத்தைய டெக்கில் ஓடாது. ஒரு வீடியோக் கடையில் கொடுத்து வேறு ரேப்பில் மாற்றினார். பழைய ரேப்பை எறிய மனமில்லாமல் ரிவிக்கு மேல் வைத்திருந்தார்.

எங்கள் தகராறு பன்னிரண்டாம் சுற்றில் தொடங்கும். அதில் பட்டத்துக்குப் போட்டியிட்டவனின் வலது கை உடைந்துவிடும். சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் குனிந்து ஏதோ கேட்பார். அவன் தலையை ஆட்டுவான். மிச்ச மூன்று சுற்றையும் ஒற்றைக் கையால் ஆடித் தோற்பான்.

"உவனுக்கு வாய் இல்லையே?" என்பார் மாஸ்டர். "கை முறிஞ்சு போச்சு, நிப்பாட்டு எண்டு சொல்ல வேண்டியதுதானே. விசரன்!"

"நிப்பாட்டினா நீர் இப்ப என்னத்தைப் பார்க்கிறது?" என்பேன் நான்.

"கேட்டது அவன்ர வாத்தியார், மாஸ்டர்" என்பார் தம்பி. "வாத்தியார் ஏலுமோ எண்டு கேட்டா, ஏலாது எண்டு என்னெண்டு சொல்லுறது?"

"என்ர வகுப்பில ஒருத்தனுக்கும் இந்தப் பழக்கம் இருக்கேல்லை" என்று மாஸ்டர் பெருமூச்சு விடுவார். பிறகு தேத்தண்ணி வரும்.

தம்பியின் விண்ணப்பம் ஒரே ஒரு சம்பவத்தில் தொங்கியது. ஆனையிறவில் ஆமிச் சோதனையில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு, முகாமில் வைத்து அடிக்கப்பட்டு, தாடை உடைந்து வெளியே வந்தவர். வெளியே வந்தபின் நான் அவரை முதலில் கண்டது அந்த வீடியோ பார்த்த நாளில்தான். எல்லாருக்கும் கொடுத்த ரோல்ஸ் பலகாரத்தை அவரால் மெல்ல முடியவில்லை. வெறும் தேத்தண்ணியை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து குடித்தார். அதைக் கண்ணால் கண்ட சாட்சியாக வரும்படி அவருடைய லோயர் என்னைக் கேட்டார். எந்த மாதம் என்று எனக்கு நினைவில்லை என்றேன். "அந்தக் காலப்பகுதியில் என்று சொன்னால் போதும்" என்றார் லோயர்.

'காலப்பகுதி' என்று எழுதி வந்த கடிதங்களை நான் முப்பத்தொரு ஆண்டுகள் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நூலகத்துக்குப் போனேன். குத்துச்சண்டைப் பதிவேடு ஒன்று இருந்தது, தடித்த புத்தகம். அந்தச் சண்டை எந்த நகரத்தில், எந்த நாளில், யார் நடுவர் என்பது எல்லாம் இருந்தது. மாதம் ஒக்டோபர். பக்கத்தைப் போட்டோப் பிரதி எடுத்தேன். புத்தகத்தின் முகப்புப் பக்கத்தையும் எடுத்தேன், இல்லாவிட்டால் மூலம் எது என்று கேட்பார்கள். இரண்டையும் ஊசி குத்தி ஓர் உறையில் வைத்தேன்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு தம்பி தன் அகதி விண்ணப்பப் படிவத்தோடு என் அறைக்கு வந்தார். வேறு யாரோ மொழிபெயர்ப்பாளர் நிரப்பியது.

"அண்ணை, ஒருக்கால் பாருங்கோ. எல்லாம் சரியோ எண்டு."

"நான் சாட்சி, தம்பி. மனுக்காரரின்ர வாக்குமூலத்தை சாட்சி வாசிக்கக் கூடாது. அது முறையில்லை."

"ஓம் அண்ணை" என்று மடித்துக்கொண்டு போனார்.

இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் போதும். அந்தப் பக்கங்களை நான் பார்க்காமல் விட்டேன், அவ்வளவு நேர்த்தியாக.

விசாரணை நகர மையத்தில், கம்பளம் விரித்த ஒரு சிறிய அறையில். என்னை வெளியே இருத்திவிட்டுப் பிறகு கூப்பிட்டார்கள். தாடையைச் சொன்னேன், தேத்தண்ணியைச் சொன்னேன். விசாரித்த பெண்மணி அனுதாபத்தோடு கேட்டார். அது எப்போது என்றார். அங்கேதான் உறையைத் திறந்தேன். சண்டை ஒக்டோபரில் நடந்தது, நாங்கள் பார்த்ததும் அந்த மாதமே, இதோ ஆதாரம் என்றேன். லோயர் என்னைப் பார்த்த பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பெண்மணி பிரதியை வாசித்தார். பிறகு தம்பியின் படிவத்தைப் புரட்டினார். பிறகு தம்பியைக் கேட்டார்: "இவரோடு அந்தச் சண்டையை ஒக்டோபரில் பார்த்தீர்களா?"

தம்பி திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஓம்."

"ஆனால் செப்டெம்பர் கடைசியிலிருந்து டிசெம்பர் நத்தார் முடியும்வரை முகாமில் இருந்ததாக இதில் எழுதியிருக்கிறதே?"

"அதுவும் ஓம்" என்றார் தம்பி. லோயர் இடைவேளை கேட்டார், ஏதோ எழுதினார், ஏதோ வாதாடினார்.

எனக்குக் கோபம் வந்தது, யாரென்று தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளர் மேல். திரும்பும்போது சப்வேயில் தம்பிக்கு வகுப்பெடுத்தேன். "திகதியில கவனமா இருக்க வேணும், தம்பி. உவங்கள் அதைத்தான் பார்ப்பாங்கள்." அவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி, "ஓம் அண்ணை" என்றார்.

சில வாரத்தில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. காரணங்களை நான்தான் அவருக்கு வாசித்து மொழிபெயர்த்தேன். மனுதாரரின் சொற்கள் நம்பத்தகுந்தவை அல்ல. அவர் அழைத்த சாட்சியோ நேர்மையானவர், துல்லியமானவர், ஆவண ஆதாரம் உள்ளவர். கனடாவில் என்னைப் பற்றி எழுதப்பட்ட ஒரே நற்சான்றிதழ் அது.

அடுத்த சனிக்கிழமை தம்பி வேலைக்குப் போயிருந்தார். மாஸ்டரிடம் கதையைச் சொன்னேன். ரிவியில் நாலாம் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தினார்.

"ஒக்டோபரிலயோ? உமக்கென்ன விசரே? சண்டை நடந்தது ஒக்டோபர் எண்டா, ரேப் எங்களிட்ட வந்தது எப்ப? என்ர கூடப்பிறந்த தம்பி லண்டனில இருந்து தன்ர கலியாணத்துக்கு வரேக்கை எல்லோ கொண்டந்தவன். தை மாசம். பொங்கல் முடிஞ்சு."

எழுந்து போய்ப் பழைய ரேப்பை எடுத்து என் மடியில் போட்டார். ஒட்டியிருந்த தாளில் நீல மையில் அவருடைய தம்பி எழுதியிருந்தார்: 'அண்ணாவுக்கு, பொங்கல் பரிசு.' ஒன்றரை வருடம், சனிக்கிழமை தோறும், அது எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது.

கோப்பை கழுவும் வேலை முடிந்து தம்பி வரும்வரை அவர் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் நின்றேன். சவர்க்கார நீரில் ஊறி அவர் விரல்கள் வெளிறியிருந்தன.

"அந்த ரேப் பொங்கலுக்குப் பிறகுதான் வந்தது எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும் அண்ணை."

"பேந்து ஏன் ஓம் எண்டு சொன்னீர்?"

அவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்கள் புத்தகத்தில எடுத்துக் கொண்டு வந்து வைச்சியள். அத்தினை பேருக்கு முன்னால, அண்ணை சொல்லுறது பிழை எண்டு என்னெண்டு சொல்லுறது? எனக்காகத்தானே வந்தனீங்கள்."

"விசரா" என்றேன்.

"ரெண்டு மூண்டு மாசம் முன்னப்பின்னதானே, பெரிசா எடுக்க மாட்டினம் எண்டு நினைச்சன்" என்றார், என்னைச் சமாதானப்படுத்தும் குரலில்.

பிறகு செய்ய வேண்டியவை எல்லாவற்றையும் செய்தேன். நீதிமன்றத்தில் முடிவை மறுபரிசீலிக்க அனுமதி கேட்கப் பதினைந்து நாள், கேட்டோம். மாஸ்டர் சத்தியக்கடதாசி கொடுத்தார். ரேப்பின் தாளைப் படம் பிடித்து இணைத்தோம். விசாரணையின்போதே இருந்த சான்றைப் புதிய சான்று என்று கொள்ள முடியாது என்பது விதி. சரியான விதிதான், நானும் அப்படித்தான் தீர்ப்பு எழுதியிருப்பேன். அனுமதி மறுக்கப்பட்டது. மனிதாபிமான விண்ணப்பம் போட்டோம். அதற்கும் பதில் வந்தது, இரண்டு பந்தியில்.

வெளியேறச் சொன்ன காலக்கெடுவுக்குள் போய், விமான நிலையத்தில் அதற்கான பத்திரத்தில் முத்திரை வாங்கினால், பின்னொரு நாள் திரும்பி வர வழி இருக்கும். வாங்காமல் போனால் அது நாடுகடத்தலாகிவிடும். ஆகவே நான் கூடப் போனேன். பத்திரத்தை வாங்கி, பெயர், திகதி, கையெழுத்து எல்லாவற்றையும் இரண்டு தரம் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மகளுக்கென்று அவர் வாங்கிய குளிர்ச்சட்டையைக் கையில் வைத்திருந்தார். கொழும்பில் யார் அதைப் போடுவது என்று இருவருமே கேட்கவில்லை.

"அப்ப நான் வாறன் அண்ணை. உடம்பைப் பாருங்கோ" என்றார்.

மாஸ்டர் வீட்டுக்கு அதற்குப் பிறகு நான் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. தம்பியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, சேர்ந்துவிட்டேன் என்று. பிறகு வரவில்லை. சில மாதங்கள் கழித்து லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் யாரைக் கேட்கிறேன் என்று மனேஜருக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஆ, அந்தப் பொம்பிளைப்பிள்ளையும் தாயும் தகப்பனுமோ? பொலிஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. பேந்து தாயும் பிள்ளையும் அறையை விட்டிட்டுப் போட்டினம். எங்கையெண்டு தெரியாது."

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை.