எட்டாவது புள்ளி

சண்முகசுந்தரம் ஓய்வு பெற்ற மறுநாள் காலை, மைதிலி வைத்த இட்லியைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, அடிப்பக்கத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பிறகுதான் தின்றார். இந்த மனுஷனுக்கு உடனே ஏதாவது கைவேலை கொடுக்காவிட்டால் வீடு தாங்காது என்று மைதிலி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆவடிப் பக்கத்தில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவர். செய்து வருகிற இரும்புச் சாமானை அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் வயலட் மையில் 'பாஸ்', இல்லாவிட்டால் சிவப்பு மையில் 'ரிஜெக்ட்'. அவர் முத்திரை குத்தினால் குத்தினதுதான், மேல் பேச்சே கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்திலேயே பஜ்ஜிக்கு இரண்டு பக்கமும் ஒரே கனம் இல்லை என்று சொன்னவர். அதற்கப்புறமும் மைதிலி எப்படிச் சம்மதித்தாள் என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. மைதிலிக்கும் விளங்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகள் வித்யா, அம்மாவின் புலம்பல் பொறுக்காமல் ஒரு வாட்டர் கலர் பெட்டியும் மூன்று பிரஷும் கெட்டித் தாளும் அனுப்பி வைத்தாள். "வீடியோ பாத்து வாழ்த்து அட்டை செய்ங்கப்பா. மனசுக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள். நிம்மதியாவது ஒன்றாவது! தாளை முதலில் ஈரமாக்கி அதில் சாயத்தைத் தொட்டு வைத்தால் சாயம் தானாகப் பரவும், அதுதான் அழகு என்று வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். சாயம் அதன் இஷ்டத்துக்குப் பரவுவதைச் சண்முகசுந்தரத்தால் சகிக்க முடியவில்லை. முதல் மாசம் செய்த நாற்பது அட்டைகளில் முப்பத்தொன்பதை அவரே கழித்துப் போட்டார். மிச்சம் ஒன்றை மைதிலி ஒளித்து வைத்துக் காப்பாற்றினாள்.

அவருக்குப் பிடித்தது முத்திரை குத்துகிற பாகம்தான். பூ, இலை, குருவி எல்லாம் ரப்பரில் செதுக்கி வாங்கினார். பிறகு எழுத்துகளையும் முத்திரையாகவே குத்த வேண்டும் என்று ஆசை வந்தது. பூந்தமல்லியில் ரப்பர் ஸ்டாம்பு கடை வைத்திருக்கும் பஷீருதீனிடம் போனார். பஷீருதீன் இருபத்தைந்து வருஷமாக எழுத்துகளை இடம் வலம் மாற்றியே செதுக்கிச் செதுக்கி, நேராக எழுதச் சொன்னால் கொஞ்சம் யோசிக்கிறவர்.

"இன்னா சார் நீ, இங்கிலீஷ்ல வாழ்த்திட்டுப் போவியா? இருவத்தாறு எழுத்தோட மேட்டர் முடிஞ்சிரும். தமிழ்ல இருநூத்தி நாப்பத்தேழு கீது. அம்மாம் ரப்பருக்கு நான் எங்க போவேன்?" என்றார் பஷீருதீன்.

"எதுக்கு பாய் அவ்வளவு? கொம்பு தனியா, கால் தனியா பண்ணிடுங்க. வேணுங்கிற எடத்துல நான் சேத்துக் குத்திக்கிறேன்."

"புள்ளி?"

"புள்ளிக்கு ரப்பர் வேணாம். தீக்குச்சியோட பின்பக்கத்தை மையில தொட்டு வெச்சா ஆச்சு."

பஷீருதீன் அவரை மரியாதையோடு பார்த்தார். எழுத்துகள் ஒரு மிட்டாய் டப்பா நிறைய வந்து சேர்ந்தன. மை மட்டும் பழைய பழக்கம்: ஆபீஸ்களில் இருக்குமே அந்த வயலட் பேடு மை. அதனால் சண்முகசுந்தரத்தின் வாழ்த்து அட்டையில் பூ இருக்கும், குருவி இருக்கும், ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு விஏஓ ஆபீசில் வாங்கின சான்றிதழ் மாதிரி ஒரு பயம் வரும். பட்டாபிராமில் அவர்கள் தெருவில் அட்டை வாங்காத வீடு இல்லை. எதிர்வீட்டு மோகன் தன் பிறந்தநாள் அட்டையை லேமினேட் செய்து ஆதார் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறான்.

ஊருக்கெல்லாம் வாழ்த்துச் சொன்ன மனுஷனுக்குத் தன் கூடப் பிறந்த தங்கச்சியோடு ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. தங்கை லோகநாயகி இருப்பது பூந்தமல்லியில். கூப்பிடு தூரம். கூப்பிடத்தான் இரண்டு பேரும் தயாராக இல்லை.

காரணம் ஒரு குத்துவிளக்கு. லோகநாயகியின் மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். சீர்வரிசை அடுக்கி வைத்திருக்கிறது, சம்பந்தி வீட்டார் சுற்றி நிற்கிறார்கள். தாய்மாமன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். குத்துவிளக்கைத் தூக்கினார், திரும்பத் தரையில் வைத்தார், விரலால் தொட்டார், விளக்கு ஆடியது. "அடிப்பாகம் சமமில்லை. இது ரிஜெக்ட்" என்று மண்டபத்துக்கே கேட்கிற குரலில் சொன்னார். சம்பந்தியம்மா சிரித்தார். லோகநாயகியின் முகத்தில் ஈயாடவில்லை. அன்று சாயந்திரம் அவள், "சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுண்ணா, போதும்" என்றாள். "ஆடுற விளக்கை ஆடுதுன்னு சொன்னா அதுல என்ன தப்பு?" என்றார் இவர். அவ்வளவுதான்.

நாத்தனாரும் அண்ணியும் மட்டும் போனில் பேசிக்கொண்டார்கள். அப்படித்தான் இந்தச் சேதி வந்தது: லோகநாயகியின் வீட்டுக்காரருக்கு அறுபது முடிகிறது, அடுத்த மாசம் பத்தொன்பதாம் தேதி மணிவிழா. மணிவிழா என்றால் திரும்பவும் தாலி கட்டுகிற கல்யாணம். பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புடவை வர வேண்டும். அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது சண்முகசுந்தரம் ஒருவர்தான். அண்ணன் உயிரோடு இருக்கையில் வேறு யாரோ அந்தப் புடவையைத் தட்டில் வைத்து நீட்டுவதா என்று நினைக்கவே அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது?

"போன் போட்டுப் பேசுங்களேன்" என்றாள் மைதிலி.

"என்னன்னு பேசுறது? நான் ஒரு அட்டை செஞ்சு அனுப்பறேன். அதைப் பாத்தா அவளே கூப்பிடுவா."

"கூப்பிடாத கல்யாணத்துக்கு முன்கூட்டியே வாழ்த்து அனுப்பற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

மூன்று நாள் செய்தார். இரண்டு பக்கமும் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஓரம் விட்டுக் கோடு போட்டுக்கொண்டார். முதல் வரி 'அன்புத் தங்கை'. இரண்டாவது வரியில் 'லோகநாயகிக்கு' என்று குத்தினால் ஓரக் கோட்டைத் தாண்டியது. கோட்டைத் தாண்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தமிழில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் மடக்கலாம் என்று இரண்டாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே! 'லோகநாய' வரைக்கும் ஒரு வரி, 'கிக்கு' அடுத்த வரி, அதற்கும் கீழே 'மணிவிழா' ஒரு வரி, 'வாழ்த்துகள்' ஒரு வரி. கடைசியில் தீக்குச்சியால் புள்ளி வைத்தார். ஒவ்வொன்றாக எண்ணினார். மொத்தம் ஏழு. ஏழும் நேராக, ஒரே பருமனில். பாஸ்.

மைதிலி எட்டிப் பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்கு. ஆனா வெறிச்சுனு இருக்கு. நீங்க அவங்களை நெனச்சுக்கினு செஞ்ச மாதிரியே இல்ல. டெண்டர் நோட்டீஸ் மாதிரி இருக்கு."

அது அவருக்குச் சுருக்கென்றது. வீடியோவில் அந்தப் பெண் பிரஷைச் சுண்டி அட்டை முழுக்கச் சாயத்தைத் தெளித்து விடுவாள். எந்தத் துளி எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வித்தையை அவர் இதுவரை தொட்டதில்லை. அளவில்லாத வேலை அவருக்கு ஆகாது. ஆனால் தங்கச்சிக்காகச் செய்தார். பழைய டூத் பிரஷை எடுத்தார். நிறம் வேறுபடக் கூடாது என்று அதே வயலட் மையில் தண்ணீர் கலந்து தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் சுண்டினார். திறந்து பார்த்தால், அட்டையெங்கும் மழைத் தூறல் மாதிரி இருந்தது. சண்முகசுந்தரத்துக்கே அது பிடித்துவிட்டது. மூன்று முறை தள்ளி வைத்துப் பார்த்துப் பூரித்துப் போனார். எண்ணிப் பார்க்கத்தான் மறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை கொரியரில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கேட் திறக்கிற சத்தம். வாசலில் லோகநாயகி. ஆறு வருஷத்தில் காதோரம் நரைத்திருந்தது. சண்முகசுந்தரத்துக்கு அப்படியே பூரிப்பு. அட்டை வேலை செய்துவிட்டது!

"வாம்மா, உள்ள வா."

"நான் வரலை. கேக்க வந்திருக்கேன்." கைப்பையிலிருந்து அட்டையை உருவி நீட்டினாள். "படி."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கூடத் தேடவில்லை. "அன்புத் தங்கை லோகநாயகிக்கு மணிவிழா வாழ்த்துகள்."

"ஒப்பிக்காத. அதுல என்ன எழுதியிருக்கோ அதைப் படி. வரி வரியா படி."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அன்புத் தங்கை" என்றார். அடுத்த வரிக்குப் போனார். நின்றார். மழைத் தூறலில் ஒரு துளி, யகரத்தின் உச்சந்தலையில், தீக்குச்சி வைத்த பருமனிலேயே, அச்சடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ம். சத்தமா."

"லோகநாய்" என்றார் சண்முகசுந்தரம், ஈனஸ்வரத்தில்.

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. மைதிலி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அதோட விட்டியா? கீழ கிக்குன்னு வேற போட்டிருக்க! கொரியர் வந்தப்ப வீட்ல யார் இருந்தாங்க தெரியுமா? சம்பந்தியும் சம்பந்தியம்மாவும். அந்தம்மாதான் பிரிச்சாங்க. நடுக்கூடத்துல நின்னு படிச்சாங்க, 'அன்புத் தங்கை லோகநாய், கிக்கு'ன்னு. சம்பந்தி எங்கிட்ட, 'உங்க அண்ணன் சாப்பிடுவாராம்மா?'ன்னு கேக்கறாரு. அன்னிக்கு விளக்கு, இன்னிக்கு நாய். அதே ஆளுங்க முன்னாடி!"

"அது புள்ளி இல்லம்மா, டிசைன். தெளிச்சப்ப ஒரு துளி போய் அங்க விழுந்துடுச்சு."

"செக் பண்ணாம அனுப்பினியா? நீ?"

ஏழு புள்ளி எண்ணினேன் என்று சொல்லப் பார்த்தார். தெளித்ததற்கு அப்புறம் எண்ணவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் இப்படி ஒரு சாமான் அவர் கையைத் தாண்டிப் போனதில்லை.

"என் தப்புதான்" என்றார்.

மைதிலி சமையலறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வாக்கியத்தை அவள் இந்த வாயிலிருந்து கேட்டதில்லை.

"எது?" என்றாள் லோகநாயகி.

"இந்தப் புள்ளி."

"அவ்வளவுதானா?"

சண்முகசுந்தரத்துக்கு அவள் எதைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. "விளக்கு ஆடத்தான் செஞ்சுது" என்று ஆரம்பித்தார். மைதிலி கண்ணை உருட்டினாள். அவர் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். கோபத்தோடு வந்தவள் கண்ணில் இப்போது தண்ணீர் நின்றது. "ஆனா அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அத்தனை பேர் முன்னாடி உன்னை அப்படி நிக்க வெச்சது தப்புதாம்மா. பெரிய தப்பு."

லோகநாயகி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள். "அது ஆடும்னு வாங்கினப்பவே எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"தெரியாம என்ன? புடவைப் பெட்டி அட்டையைக் கிழிச்சு மடிச்சு அடியில முட்டுக் குடுத்திருந்தேன். நிம்மதியா நின்னுக்கினு இருந்துச்சு. நீ வந்து தூக்கின, அட்டை எங்கியோ போயிடுச்சு."

மைதிலிதான் முதலில் சிரித்தாள். பிறகு லோகநாயகி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. சண்முகசுந்தரத்துக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவசரமாக எழுந்து வெள்ளைச் சாயமும் மெல்லிய பிரஷும் எடுத்து வந்தார். "குடு, அந்தப் புள்ளியை ஒரு நிமிஷத்துல மறைச்சுடறேன்."

அவள் அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். "தொடாத! நீ தப்புப் பண்ணேங்கிறதுக்கு எங்கிட்ட இருக்கற ஒரே அத்தாட்சி இதுதான்."

காபி குடித்தாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே மைதிலியைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணி, பொறந்த வீட்டுப் புடவைய நீங்களே போய் எடுங்க. மயில் கழுத்து நெறம். அண்ணனைக் கடைக்குக் கூட்டிக்கினு போவாதீங்க, நூலை எண்ண ஆரம்பிச்சுடுவாரு. அவரு தட்டைத் தூக்கிக்கினு வந்தா போதும்."

அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் சண்முகசுந்தரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தட்டை யாரு தூக்கிக்கினு வரணும்னா?" என்று மைதிலியிடம் கேட்டார்.

"நீங்கதான்."

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். அவள் சொல்வதற்குள் அழுதுவிட்டார்.