பல்லில் கடித்த மண்

எனக்கு ஆங்கிலம் வரும். வேகமாக வராது, அவ்வளவுதான்.

களிமண் ஆய்வாளர்களின் சர்வதேச மாநாட்டுக்கு வந்தவர்களை ஒருநாள் எங்கள் விருத்தாசலத்துக் களிமண் குழிக்கு அழைத்து வந்தார்கள். அந்த மண்ணை ஆராய்ந்தவள் நான். விளக்க வேண்டியவளும் நான்தான். ஆனால் சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர், நான் ஆங்கிலத்தில் சொன்ன ஒவ்வொரு வரியையும் தன் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கீழ் அடுக்கில் நுண்மணல் அதிகம், பீங்கானுக்கு ஆகாது" என்றேன்.

"பீங்கானுக்கு அருமையான மண் என்கிறார்" என்றார் அவர்.

"நான் அப்படிச் சொல்லலைங்க சார்."

"சும்மா இருங்கம்மா. கூட்டு ஆய்வுக்கு எடம் பாக்க வந்திருக்காங்க, கெடுத்துடாதீங்க" என்று தமிழில் முணுமுணுத்தார்.

அதுவரை வாயே திறக்காத ஒரு ஜப்பானியப் பெண் குனிந்து, கீழ் மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தார். எந்த நாட்டு மண் ஆய்வாளரும் செய்வதுதான் இது. நல்ல களிமண் வழுக்கும், மணல் கலந்தது நறநறக்கும். நானும் கடித்தேன். அவர் என்னைப் பார்த்து இல்லையென்று தலையசைத்தார். நானும் அசைத்தேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்.

"அந்தம்மா என்ன சொல்றாங்க?" என்றார் பேராசிரியர்.

"கடிச்சுப் பாருங்க சார், தெரியும்."

அவர் குனியவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரை இன்றும் என்னால் சரியாக உச்சரிக்க முடியாது. ஆனால் அன்று அவரோடு நிறையப் பேசியதாகவே தோன்றுகிறது. தமிழ் தெரிந்த பேராசிரியரோடுதான் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.