அண்ணன் சிலுவை சுமந்த வெள்ளி

இயேசு, என் அண்ணன். மரியாள், ஸ்டெல்லா அக்கா. பிலாத்து, ஆஸ்டலில் தங்கிப் படித்த ஒரு பையன். சீமோன், பால்ராஜ். சேவகர்களில் முன்னால் நடந்தவன் அந்தோணி, அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். எருசலேம் பெண்கள் என்று ஒரு வரிசை, அதில் கடைசியாக நான். மைக்கில் சிஸ்டர். நாற்காலியில் ஃபாதர். வேப்பமரத்து நிழலில் பிள்ளைகளைப் பெற்றவர்கள். அவர்களோடு ஒட்டாமல், வெயிலில் அம்மா. அப்பா வரவில்லை. அவர் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

அப்பா தேங்காய் வெட்டுகிறவர். கார்த்திகை மாதம் சோழபுரம் பக்கம் ஒரு தோப்பில் மரத்திலிருந்து விழுந்தார். உயிர் இருந்தது. கால் அசையவில்லை. நடப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர், பார்ப்போம் என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அம்மா மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். அவள் அங்கே இருக்கிற நாளில் அண்ணன் சோறு வடிப்பான். எனக்குத் தலை பின்னிவிடுவான். கோணலாக இருக்கும். அப்படியே பள்ளிக்கூடம் போவேன்.

பள்ளிக்கூடம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் இருந்தது. சிஸ்டர்கள் நடத்தியது. வேதக்காரப் பிள்ளைகளும் அம்மன் கும்பிடுகிற நாங்களும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவோம். காலை ஜெபம் எல்லாருக்கும் பொது. அருள்நிறை மரியே எனக்குத் தடங்கலில்லாமல் வரும். மாரியம்மன் பாட்டும் வரும். எனக்குள் இரண்டும் சண்டை போட்டதில்லை.

தவக்காலம் வந்தால் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை. கடைசி வெள்ளிக்கு மட்டும் அதை வேஷம் கட்டி நடத்துவார்கள். கேட்டிலிருந்து புறப்பட்டு, மைதானத்தைச் சுற்றி, கெபிக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் போய் முடியும். மாதாவை வைத்திருக்கிற கல் குகையைத்தான் கெபி என்பார்கள். பார்க்க ஊரே வரும்.

அண்ணன் இயேசு ஆனது முடியால். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவனை முடிவெட்டக் கூட்டிப்போக ஆள் இல்லை. காதை மூடி, கழுத்தில் விழுந்தது. ஒருநாள் பி.டி. சார் அவனை வெயிலில் நிறுத்தி, கத்தரி எடுத்துவர ஆள் அனுப்பினார். சிலுவைப்பாதையை நடத்துகிற சிஸ்டர் அந்த வழியாக வந்தவர், செத்த நேரம் நின்று அவனைப் பார்த்தார்.

"விடுங்க சார். ஒரு மாசமா இவனத்தான் தேடிட்டிருக்கேன்" என்றார்.

வேதக்காரப் பையன்கள் சிலருக்கு மனத்தாங்கல். அந்தோணி முகத்துக்கு நேராகவே கேட்டான். "ஏலே, ஒனக்கு அப்பம் பிட்கத் தெரியுமாலே? தோசதான பிட்கத் தெரியும்." அந்தோணிக்குச் சேவகன் வேஷம் கிடைத்தது. அண்ணனைச் சாட்டையால் அடிக்கலாம் என்று தெரிந்ததும் அவனுக்குச் சமாதானம் ஆகிவிட்டது.

ஒத்திகையில் சிஸ்டர் அண்ணனுக்கு விழக் கற்றுக்கொடுத்தார். இயேசு வழியில் மூன்று தரம் விழுவார். முதல் தரம் முழங்கால். இரண்டாம் தரம் கையும் ஊன்ற வேண்டும். மூன்றாம் தரம் முழு உடம்பும் மண்ணில். அண்ணன் நன்றாக விழுந்தான். எனக்குத்தான் அழ வரவில்லை. எருசலேம் பெண்களுக்கு அழுகிறதுதான் வேலை. மற்றப் பிள்ளைகள் கண்ணுக்குக் கீழே தலைவலித் தைலம் தடவிக்கொண்டார்கள். எனக்கு அது எரிந்தது. "நீ முந்தானைய மூஞ்சில வச்சுக்க, போதும்" என்று சிஸ்டர் விட்டுவிட்டார்.

முந்தின வாரம் சிஸ்டர் எல்லாரையும் கூப்பிட்டு, நடிக்கிறவர்கள் அன்றைக்கு ஒருசந்தி இருக்க வேண்டும் என்றார். வேதக்காரப் பிள்ளைகளுக்கு அது தெரிந்த சங்கதி. காலையில் பட்டினி, மத்தியானம் வயிறாரச் சாப்பாடு, ராத்திரி லேசாக ஏதாவது. எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. அம்மா மதுரையிலிருந்து வந்ததும் அண்ணன் சொன்னான்.

"ஒருசந்தின்னா என்னய்யா?"

"வெரதம்மா."

அம்மா கை வேலையை நிறுத்திவிட்டாள். எங்கள் பக்கம் பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்குவார்கள். தீயில் நடக்கிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். அம்மா பார்த்து வளர்ந்த விரதம் அதுதான். வேறு மாதிரி இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

"சேவகனா வாரவன் எப்படியும் இருக்கலாம். நீ சாமியால்ல வார. முத நாள் ராத்திரியிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. எறங்குன பொறவுதான் எல்லாம். ஒங்கப்பா எந்திரிச்சு நடக்கணும். எந்தச் சாமின்னு நான் பாக்கல. யாரு காதுல விழுந்தாலும் சரிதான்."

அண்ணன் சரி என்றான். அவன் அப்படித்தான். அம்மா மஞ்சள் கிழங்கை நூலில் கோத்து அவன் வலது மணிக்கட்டில் கட்டினாள்.

கடைசி ஒத்திகையில் சிஸ்டர் அதைப் பார்த்தார். அவருக்கு ஊர் நாகர்கோவில் பக்கம், பூக்குழிக் காப்பு பழக்கமில்லை.

"கையில என்னப்பா இது?"

"காப்பு, சிஸ்டர்."

"நாளைக்கு அவுத்துரு. ஆண்டவர் கையில மஞ்சக் கெழங்கு இருந்தா நல்லாருக்காது."

"அவுக்கக் கூடாது, சிஸ்டர்."

சிஸ்டர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு கயிற்றை எடுத்து, சேவகர்கள் கட்டியது மாதிரி, காப்பு தெரியாதபடி அவன் மணிக்கட்டைச் சுற்றிக் கட்டினார். "இப்ப யாருக்கும் கஷ்டமில்ல" என்றார். எதற்குக் காப்பு என்று அவர் கேட்கவில்லை. அண்ணனும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் புறப்பட்டோம். பங்குனி வெயில். பழைய சிலுவையைக் கரையான் தின்றுவிட்டது என்று தைல மரத்தில் புதிதாகச் செய்திருந்தார்கள். பச்சை மரம், காயவில்லை. தூக்கி வைக்கவே இரண்டு பேர் வேண்டும். அண்ணன் வெள்ளை அங்கி போட்டிருந்தான். அதில் குங்குமத்தைக் கரைத்துத் தெளித்திருந்தார்கள்.

முதல் தரம் சரியாக விழுந்தான். முழங்கால். சீமோன் வந்து கொஞ்ச தூரம் சுமந்தான். இரண்டாம் தரம் விழுந்தான். எங்கள் வரிசைக்கு வந்தபோது நான் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டேன். இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவன் உதடு வெள்ளையாக இருந்தது. பவுடர் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாம் தரம் கெபியை ஒட்டி, முழு உடம்பும் மண்ணில். சிஸ்டர் மைக்கில் வாசிக்க வேண்டியதை வாசித்தார். பிள்ளைகள் பாடினார்கள். அண்ணன் எழுந்தான். எழுந்து மேட்டில் நாலைந்து அடி ஏறினான். மறுபடியும் விழுந்தான்.

மைக் நின்றுவிட்டது. சிஸ்டர் கையிலிருந்த புத்தகத்தில் பின்னால் ஒரு பக்கம் புரட்டிப் பார்த்தார். தான் எதையாவது விட்டுவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம். ஃபாதர் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்தார். சிஸ்டர் கையைக் காட்ட, பிள்ளைகள் பாடின பாட்டையே மறுபடி பாடினார்கள்.

அந்தோணி குனிந்து கிசுகிசுத்தான். "ஏலே, மூணுதாம்லே. நீ ஒம்பாட்டுக்கு வுழுற. எந்திரி."

அண்ணன் எழவில்லை. அந்தோணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சேவகன்தானே, சாட்டையால் ஒன்று போட்டான்.

வேப்பமரத்தடியில் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். "ஐயோ, பிள்ள என்னமா நடிக்கான்" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். "யாரு மகன் இது?" "தேங்கா வெட்டுவாருல்லா, விழுந்தாருல்லா, அவரு மகன்." அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் அழுதார்கள்.

நான் வரிசையிலிருந்து அம்மாவைத் தேடினேன். அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே ஆஸ்டல் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிற பானை, மேலே டம்ளர். நான் பானையைப் பார்ப்பதை அம்மா பார்த்தாள். தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம் என்று.

அப்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இவன் மேலே போய்ச் சேராவிட்டால் அப்பா நடக்க மாட்டார். வரிசையை விட்டுப் போய் அவன் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணே. அம்மா பாக்குது. எந்திரி."

அவன் கண்ணைத் திறந்தான். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளச் செத்த நேரம் ஆனது.

"இன்னும் எம்புட்டு இருக்கு, ஏட்டி?"

"இந்தா, மேடுதான். அம்புட்டுத்தான்."

எழுந்தான். எருசலேம் பெண் வந்து இயேசுவை எழுப்புகிற மாதிரி புத்தகத்தில் இல்லை. ஜனங்களுக்கு அது தெரியாது. பெரிய விசும்பல் கேட்டது. பால்ராஜ் தன் வேலை முடிந்தது என்று பின்னால் போய் சர்பத் குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்து சிலுவையின் அடியைப் பிடித்தான். சீமோனும் இரண்டாவது தரம் வருவதாகப் புத்தகத்தில் இல்லை.

மேட்டில் அவனைப் பலகைமேல் ஏற்றிக் கையைக் கட்டினார்கள். தாகமாயிருக்கிறேன் என்று அவன் சொல்ல வேண்டும். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சிஸ்டர் அவனுக்காக மைக்கில் சொன்னார். அந்தோணி பஞ்சைக் கம்பில் குத்தித் தூக்கிக் காட்டினான். புளித்த காடி என்று பேர், உள்ளே வெறும் தண்ணீர். அது உதட்டில் படப் போனது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"குடிலே. பச்சத்தண்ணிதாம்லே" என்றான் அந்தோணி. இந்தத் தரம் அவன் குரலில் கேலி இல்லை. அண்ணன் திரும்பவில்லை. கம்பு ஆடியது. தண்ணீர் அந்தோணியின் கையில் வழிந்தது.

இறக்கி ஸ்டெல்லா அக்கா மடியில் போட்டதும் அவள் வசனத்தைச் சொல்லாமல், "சிஸ்டர், இவன் ஒடம்பு கொதிக்கி" என்று கத்தினாள். அதோடு நாடகம் முடிந்தது.

அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முதலில் கயிற்றை அவிழ்த்தாள். காப்பை அவிழ்த்தாள். அதன் பிறகுதான் பையிலிருந்த இளநீரைப் பொத்தல் போட்டு அவன் வாயில் ஊற்றினாள். அவன் பாதியைக் கக்கினான். மறுபடி ஊற்றினாள்.

"காலையிலருந்து சாப்பிடலையாம்மா இவன்?" என்று சிஸ்டர் கேட்டார்.

"நேத்து ராத்திரியிலருந்து, சிஸ்டர். தண்ணியும் இல்ல."

"ஒருசந்தின்னா மத்தியானம் சாப்பிடலாமேம்மா. தண்ணி எப்பவும் குடிக்கலாமே."

அம்மா அவரைப் பார்த்தாள். கையிலிருந்த இளநீரைப் பார்த்தாள்.

"சாமி வேசம்லா, சிஸ்டர்" என்றாள். "அவிய நடக்கணும்லா."

சிஸ்டர் அங்கியோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டார்.

வைகாசியில் அப்பா கம்பு ஊன்றி வீட்டுக்கு வந்தார். நடந்தார். மரம் ஏற முடியவில்லை. அம்மா மாரியம்மனுக்குப் பூவும் கெபிக்கு மெழுகுவத்தியும் கொண்டுபோனாள். எந்தச் சாமி கேட்டது என்று அவள் கடைசிவரை விசாரிக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்தபோது நான் மட்டும் போனேன். அண்ணன் அப்பாவின் அரிவாளை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனான். சிஸ்டர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து, அவனை அனுப்பச் சொல்லிப் பேசினார். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தோம்.

ரொம்ப நாள் வரைக்கும் அதை நான் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன். எங்கள் அண்ணனைப் போல ஒருத்தன் சிலுவை தூக்கியதில்லை, அவனை எழுப்பிவிட்டது நான். அண்ணன் என்றால் எனக்கு ஒரு முழு ஆள். அப்பா இல்லாத வீட்டில் சோறு வடித்தவன். அவனால் ஆகாதது ஒன்று உண்டு என்று தோன்றியதே இல்லை.

இப்போது என் மகன் அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். இந்த வருஷம் அவனுக்குச் சேவகன் வேஷம். சாயங்காலம் ஒத்திகை முடிந்து வந்தவன், பையை வாசலிலேயே போட்டுவிட்டு, பசிக்குதும்மா, பசிக்குதும்மா என்று சட்டியைத் திறந்தான். தோசை சுட்டுப் போட்டேன். தின்றுகொண்டே என் தோளில் சாய்ந்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். என் விரலுக்குள் அடங்கிவிட்டது. எதுக்கும்மா பிடிக்க என்றான். சும்மாதான் என்றேன்.

அன்று அண்ணனுக்கு வயது பதினான்கு.