சாருலதா வெட்டிய ஓரம்

சாருலதாவைப் பற்றி ஆபீசில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். திமிர் என்பார்கள், மறை கழன்ற கேஸ் என்பார்கள். பக்கத்து மேஜையில் நாலு வருஷம் உட்கார்ந்தவன் நான். இவர்களுக்கு என்ன தெரியும், மண்ணாங்கட்டி!

மந்தைவெளியில் ஒரு மாடி அறைதான் எங்கள் கம்பெனி. கம்ப்யூட்டரில் டைப் செய்த கோப்புகளை இன்டர்நெட் பக்கங்களாக மாற்றும் மென்பொருள் எங்கள் பிழைப்பு. அதில் படங்கள் அவள் பொறுப்பு. அவள் எழுதுவாள், நான் ஓட்டிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பேன்.

தொண்ணூற்றைந்து டிசம்பரில் அவள் கணவன் கிரீஷ் பெசன்ட் நகர் கடற்கரைக்குத் தனியாகப் போனான். மணலில் செருப்பு மட்டும் கிடைத்தது. ஊரூர் குப்பத்து மீனவர்கள் மூன்று நாள் படகில் தேடினார்கள், உடல் அகப்படவில்லை. காரியம் செய்துவிடலாம் என்று மாமியார் கெஞ்சினாள். "செத்ததை யார் பாத்தா? எங்கயோ இருக்கார், வருவார்" என்று இவள் ஒரே பிடிவாதம்.

தொண்ணூற்றெட்டு ஜூனில் பாலவாக்கம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வெள்ளைத்துரையிடமிருந்து ஒரு புகார் வந்தது. ஆண்டறிக்கைப் படத்தில் அவர் வெட்டிய ஓரமும் சேர்ந்து வருகிறதாம். கோப்பில் ஓரத்தை வெட்டினால் அது மறையுமே தவிர, உள்ளேயேதான் இருக்கும். எங்கள் மென்பொருள் அதையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தது.

திரையில் சங்கத்து ஆட்கள் ஐந்து பேர். அந்த வருஷப் பொங்கல் விழாவில் எடுத்த படம். வலது ஓரத்தில் ஆறாவதாக ஒருவன் நின்றான். எங்கள் மென்பொருளில் அப்போது பதினாறு வண்ணம்தான் வந்தது, முகமெல்லாம் சேறு அப்பினாற்போல இருந்தது.

சாருலதா எழுந்தே விட்டாள். "பத்ரி சார், நிக்கற தினுசைப் பாருங்கோ. கிரீஷ்!"

வெள்ளைத்துரைக்குப் போன் போட்டேன்.

"ஆறாவது ஆளா? அஞ்சு பேருதான் சார் நின்னோம். பக்கத்துல வெறும் செவுரு. பாக்க நல்லால்லைன்னுதான் வெட்டினேன். பிரிண்டு இந்தா என் கையிலதான் இருக்கு."

அவள் நம்பவில்லை. "மறைக்கறார். முகம் தெளிவாத் தெரியட்டும், நேரா பாலவாக்கம் போய்க் கையோட அழைச்சுண்டு வந்துடறேன்." வண்ணங்களைச் சரிசெய்ய உட்கார்ந்தாள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் தடுக்கவில்லை. அவன் உயிரோடு இருக்கக்கூடாதா என்று எனக்கும் நப்பாசைதான்.

வியாழக்கிழமை மத்தியானம் இருநூற்றைம்பத்தாறு வண்ணமும் வந்தது. கிரீஷேதான். கடற்கரைக்குப் போன அன்று போட்டிருந்த அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. மற்ற ஐந்து பேரும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் தெப்பலாக நனைந்திருந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

அவள் கத்தவில்லை. திரையில் அந்தத் தண்ணீரை விரலால் தொட்டாள்.

"ரெண்டரை வருஷமா இப்படியே நனைஞ்சுண்டு நிக்கறாரே. நான் பாவி, பத்ரி சார்."

பிறகு கீபோர்டை இழுத்துக்கொண்டாள். வெட்டிய ஓரத்தை மறைப்பதோடு விடாமல் அடியோடு நீக்கும்படி மென்பொருளை மாற்றி எழுதினாள். நான் ஓட்டினேன். ஐந்து பேர்.

"போயிட்டாரா?"

"போயிட்டான்மா."

மைத்துனன் நிரஞ்சனுக்கு அவளே போன் போட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லு, அண்ணாவுக்குக் காரியம் பண்ணிடலாம். புது வேஷ்டியும் துண்டும் நான் வாங்கிண்டு வரேன். ரொம்ப நனைஞ்சிருக்கார்டா."