தானாக நிரம்பும் தொட்டி

தெற்கில் வைத்திருந்த கடை எரிந்த பிறகு சொந்த ஊரான புளியங்கூடலுக்குத் திரும்பிவந்த ஒருவரின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். வேலை தேடி அலைந்த காலம். அவர் சோறு தந்தார். அவரை அண்ணை என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன்.

விறாந்தையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே கடல் தண்ணீர், முருகைக் கற்கள், கல்லில் ஒட்டிப் பூப்போல விரியும் ஒரு பிராணி, அதற்குள் ஒளியும் இரண்டு செம்மஞ்சள் மீன்கள். கடையைப் பற்றி வாயே திறக்காத அண்ணை, கதிரையைப் போட்டுக்கொண்டு அந்த மீன்களோடுதான் பேசுவார்.

அவற்றைக் காப்பாற்றியது அக்கா. வெயிலுக்குத் தண்ணீர் வற்றும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். காலையில் தொட்டிக்குள் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரிப்பு கூடியிருந்தால் கோயிலடியில் உள்ள நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து கொண்டுவந்து ஒரு செம்போ இரண்டு செம்போ விடுவார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கொழும்பில் மீன் ஏற்றுமதி செய்யும் ஓரிடத்தில் கொஞ்சக் காலம் தொட்டி கழுவியிருக்கிறேன். அந்தத் துணிவில், தண்ணீர் தானாகவே விழ ஓர் ஏற்பாடு செய்தேன். கல்லடுக்கி அதன்மேல் தண்ணீர் பிடிக்கும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பரல், அதிலிருந்து ஒரு சேலைன் குழாய், குழாயின் வாயில் ஒரு மிதவை. தொட்டியில் தண்ணீர் இறங்கினால் குழாய் திறக்கும், ஏறினால் மூடும். பரலை நிரப்பக் கோயிலடிக்குப் பல நடை நடக்க எனக்குச் சோம்பல், பஞ்சி. வீட்டுக் கிணற்றில் அள்ளி ஊற்றினேன்.

"தம்பி, ஆடியில எங்கட கிணறு சவராகி உப்புக் கரிக்கும். உந்தத் தண்ணியை விடலாமோ?" என்று அக்கா கேட்டார்.

"கடல் மீனக்கா. உப்புக்குப் பயப்பிடாது."

அண்ணை பெரிதாகச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "இனி நீ நாக்கை நீட்டத் தேவையில்லை" என்று மனைவியைப் பகிடி பண்ணினார். அக்கா அதன்பின் தொட்டியில் விரல் வைக்கவில்லை. பரலில் தண்ணீர் குறைந்தால் அதே கிணற்றில் அள்ளி நிரப்பும்படி அக்காவிடம் சொல்லிவிட்டு மன்னாருக்குப் போய்விட்டேன்.

ஆவணியில் திரும்பி வந்தபோது தொட்டி வெறுமையாகக் கிடந்தது. பரலின் அடியில் மிஞ்சிய தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். சவர். தொட்டியில் வற்றிய ஒவ்வொரு முறையும் உப்புக்கு மேல் உப்புத்தான் விழுந்திருக்கிறது.

"நீர் செய்த சாமானில பிழையில்லை" என்றார் அண்ணை. "இவள்தான் கவனியாமல் சாக்காட்டிப்போட்டாள்."

அக்கா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். உண்மையை நான் சொல்வேன் என்றுதான் நின்றிருப்பார்.

"ஓம் அண்ணை" என்றேன்.

அக்கா உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தார். முதல் நாள் மத்தியானத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.